பெரிய எழுத்தில் முதல் வரி

சம்மன் கொண்டுவரும் கோர்ட் அமீனா படியேறி வருவதைக் கண்டதும் செல்லப்பாண்டியின் பெண்சாதி வாசலை மறித்து நின்றாள்.

மறுபடியும் கோர்ட் காகிதம்.

போன தடவை வந்த காகிதம் அவள் புருஷனையே வீட்டை விட்டு விரட்டியிருந்தது.

செல்லப்பாண்டி செய்தது இவ்வளவுதான். கம்பம் ரோட்டில் லாரி மோதிக் கிடந்த ஆளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான். ஊர் வாய் சும்மா இருக்குமா? "கேஸைத் தூக்குனவன் தலையிலதான் கட்டுவாங்க" என்றது. அடுத்த மாதமே காகிதம் வந்து நின்றது. மேற்படி, தாங்கள், தவறும்பட்சத்தில் என்று இருபது வரி. இருவரும் மாறி மாறிப் படித்தார்கள். விளங்கிய சொல் ஒன்றே ஒன்று.

கைது.

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டான். மலைமேல் குமுளி எல்லை தாண்டி ஏதோ ஏலத்தோட்டத்தில் கூலி வேலை.

மூன்று மாதம். தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே அவள் கதவைச் சாத்துவாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பொய்.

"அவரு ஊர்ல இல்லைங்க" என்றாள் இப்போதும்.

அமீனா காகிதத்தை நீட்டினார். "மொதல் வரியப் படிம்மா. புது ஜட்ஜம்மா வந்து எழுதுற விதத்தையே மாத்திட்டாங்க. பாதிப் பேரு பயந்து ஓடிப்போனா கேஸை எப்படி நடத்துறது?"

கொட்டை எழுத்தில் இருந்தது.

நீங்கள் சாட்சி. உங்கள் மேல் எந்த வழக்கும் இல்லை. அன்று பார்த்ததைச் சொல்ல மட்டும் வாருங்கள்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாடா!

அடப்பாவி மனுசா, இதுக்கா ஓடின?

கையெழுத்துப் போட்டாள். அமீனா தெருமுனை திரும்பும் முன்பே போனை எடுத்துவிட்டாள். அவளுக்கு மட்டும் தெரிந்த நம்பர்.

படித்தாள்.



"இன்னொருக்கா படி" என்றான் செல்லப்பாண்டி.

படித்தாள். சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. அவனுக்கு மூச்சு வாங்கியது. ஏதோ சரிவில் இறங்குகிறான் போல.

"இன்னொருக்கா."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தாள்.

'வாருங்கள்' என்று முடிப்பதற்குள் போனுக்குள் பஸ் ஹாரனோடு கண்டக்டர் ஒருவர் கூவினார்.

"குமுளி! குமுளி! குமுளி!"