லூவுக்கு ஒரு பிட்சர்

பாதிரியார் ஜெபம் சொல்ல, சர்ச்சே கண்ணை மூடிக்கொண்டிருந்தது. கிர்பி மட்டும் மடியில் போனை வைத்து நோண்டிக்கொண்டிருந்தான்.

முன்னால் சவப்பெட்டியில் இருந்தவர் லூ. கிர்பியின் அக்கா டோலோரஸின் கணவர்.

"இங்க வந்துமா போனு? வெக்கமா இல்ல உனக்கு?" பின்வரிசையிலிருந்து லூவின் தங்கை பெர்னிஸ் அவன் முதுகில் குத்தினாள்.

"ஒரே நிமிஷம். நாளைக்கு ஒரு பிட்சர் எடுக்கணும்."

பெர்னிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் ஊரான பார்மாவில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு. நிஜ பேஸ்பால் வீரர்களை வைத்து போனில் ஆளுக்கொரு கற்பனை டீம். மைதானத்தில் அவர்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு இங்கே பாயிண்ட். இதில் பந்து எறிகிற பிட்சர்தான் உயிர். ஆனால் ஒரே ஆள் தினமும் எறிய மாட்டான். அதனால் நாளைக்கு எறியப்போகிறவனை இன்றைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி விடுவார்கள். ஒரு டீமில் இருக்கிறவனை இன்னொருத்தர் தொட முடியாது; கழற்றி விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கிர்பி அதில் கில்லாடி. சட்டையைவிட வேகமாகப் பிட்சரை மாற்றுவான். அப்படியும் கோப்பை என்னவோ வருஷா வருஷம் லூ வீட்டுக்குத்தான் போனது.

கல்லறையிலிருந்து திரும்பி, சர்ச் ஹாலில் சாப்பாடு. பெர்னிஸ் விடவில்லை.

"எங்கண்ணன் பெட்டிக்குள்ள கிடக்கறார், இவன் பிட்சர் பொறுக்கறான். நல்லா இருக்கா நியாயம்?"

எல்லா மேஜையும் திரும்பிப் பார்த்தது. பாதிரியார் சூப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

கிர்பி முள்கரண்டியைக் கீழே வைத்தான். கண் கலங்கியிருந்தது.

"என் டீமுக்கு இல்ல பெர்னிஸ். அத்தானோட டீமுக்கு."

கிர்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு பாஸ்வேர்டைச் சொன்னார். 'நான் இல்லாட்டியும் சீசன் முடியற வரைக்கும் என் டீமைப் பாத்துக்கடா'ன்னார். நாளையோட ஃபைனல் முடியுது. அத்தான்தான் முன்னாடி இருக்கார். நல்ல ஆளா ஒருத்தனைப் போடலேன்னா அந்த ஆத்மா என்னை மன்னிக்குமா?"

பெர்னிஸ் மூக்கை உறிஞ்சினாள். "தெரியாம பேசிட்டேன்ப்பா. மனசுல வச்சுக்காத" என்று அவன் தட்டில் பைரோகிக் கொழுக்கட்டையை அள்ளி வைத்தாள்.

பாதிரியார் எழுந்து வந்து கிர்பியின் தோளைத் தட்டி, கையை அங்கேயே வைத்துக்கொண்டார். ஒருத்தி தன் புருஷனை இடித்து, "உங்க மச்சானும் இருக்கானே" என்றாள்.

டோலோரஸ் தம்பியின் நெற்றியில் முத்தமிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரைடா போட்ட?"

"டீஸ்டேலுக்கு முழங்கை வலின்னு கேள்விக்கா. அவனைக் கழட்டிட்டு மலனாக்ஸைப் போட்டிருக்கேன்."

"மலனாக்ஸா? அவன் பேரு வந்தாலே உங்க அத்தான் ரேடியோவை அணைச்சிடுவாரேடா. நாளைக்கு எங்க எறியறான்?"

"டென்வர்ல."

"அந்த மலை ஊருல காத்தே மெல்லிசாச்சே. தும்மினாலே பந்து வேலி தாண்டும், எறியறவன் பாயிண்ட் போயிடும்."

"புள்ளிவிவரம் எல்லாம் பாத்துத்தான்க்கா எடுத்திருக்கேன். உனக்கு இதெல்லாம் புரியாது."

அதே பந்தயக் கூட்டத்தைச் சேர்ந்த கஸ், காபியோடு அந்தப் பக்கம் வந்தான்.

"ஓ, லூ டீம்ல டீஸ்டேலைக் கழட்டினது நீதானா? செத்தவர் எப்படிடா கழட்டினார்னு நான் காலையில இருந்து முழிச்சுக்கிட்டு இருக்கேன். அவனுக்கு ஏதுடா வலி? நாளைக்கு ஜம்முனு எறியப் போறான்."

"அப்படியா? எனக்கு வேற மாதிரி சொன்னாங்க."

கஸ் காபியைக் குடிக்கப் போனவன் அப்படியே நிறுத்தினான்.

"இரு, இரு. கழட்டின கையோட அவனைக் கொத்திக்கிட்டுப் போனது உன் டீம்தானே? ஃபைனல்ல லூவுக்கு எதிரா ஆடறதே நீதானேடா!"

கிர்பி வாயில் இருந்ததை மென்றான். மென்றுகொண்டே இருந்தான். பாதிரியார் அவன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

டோலோரஸ் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒரே நாள்ல எத்தனை தடவைடா அவரைப் புதைப்ப?"