பதினேழாம் பதிவின் வால்

வாலை வெட்டிவிட்டால் பதினேழாம் பதிவும் முடிந்துவிடும்.

மற்ற இருபத்திரண்டும் போன வாரமே முடிந்துவிட்டன. நிலநடுக்கம் நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அறிக்கைக்காக, ஊரில் பொருத்தியிருந்த இருபத்து மூன்று நிலநடுக்கக் கருவிகளின் அன்றைய பதிவுகள் அத்தனையையும் மூலத்திலிருந்து மறுபடி திருத்தச் சொல்லியிருந்தார்கள்.

"அந்த ஒண்ணை மட்டும் நான் பாத்துக்கறேம்மா. நீ தொடாதே," என்று பிரிவுத் தலைவரான சார் சொல்லிப் பார்த்தார்.

அவள் கேட்கவில்லை. பதினேழாம் கருவி இருந்தது, அவள் தம்பி பம்ப் ஆபரேட்டராக இருந்த கட்டடத்தின் பேஸ்மென்டில்.

சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். பம்ப் அறைக்கு வெளியே, சிமென்ட் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய பெட்டி. அங்கே தரை அசைந்தால் இங்கே அவள் திரையில் கோடு அசையும்.

வழக்கம்போலத்தான் தொடங்கினாள். நடுக்கத்துக்கு முந்தைய அரை நிமிடம், தரை சும்மா கிடந்த நேரம். அதன் சராசரியைக் கழித்துக் கோட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பம்பின் ரீங்காரத்தை வடிகட்டினாள். மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போன கோட்டை நிமிர்த்தினாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு முதல் அலை. நாலு நொடி கழித்துப் பெரியது. நாற்பது நொடி ஆட்டம். பிறகு கோடு அடங்கிவிட்டது.

அதற்கு அப்புறம் வருவதுதான் வால். யாருக்கும் வேண்டாதது.

மின்சாரம் போய்ப் பம்பும் நின்றிருந்தது. கருவி மட்டும் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தரை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

அந்த அமைதியில் இரண்டு சின்ன முட்கள். ஓர் இடைவெளி. மறுபடி இரண்டு.

தம்பி கண்டுபிடித்த விளையாட்டு அது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று காலால் தரையைத் தட்டுவான். இரண்டு தட்டினால் சாப்பிட்டாயிற்று. மூன்று தட்டினால் இன்னும் இல்லை, பசி உயிர் போகிறது.

"டேய், அது காலிங் பெல் இல்லடா. கவர்ன்மென்ட் கருவி."

"அப்ப எதுக்கு மேடம், தட்டின உடனே போன் பண்றீங்க?"

கட்டடம் அன்று விழவில்லை. வெளியே நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விரிசல்கூடத் தெரியவில்லை. பேஸ்மென்டுக்கு இறங்கும் படிக்கட்டு மட்டும் உள்ளுக்குள்ளேயே இடிந்து விழுந்திருந்தது. அந்தப் படிக்கட்டின் வாசல் கதவு மூடியபடி இருந்தது. அவன் வீட்டுக்கு வராமல் போய், மறுநாள் தேடியபோதுதான் கதவைத் திறந்தார்கள்.

உடனே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குக் காலையிலும் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"வலிச்சிருக்காது, இல்லடி?"

"ஒரு நொடிதாம்மா."

இப்போது அவள் முட்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காலால் தட்டினால் முள் மொண்ணையாக விழும். இவை ஊசிகள். இரும்பால் தட்டியவை. ஸ்பேனராக இருக்கும்.

காலை அசைக்க முடிகிறவன் எதற்கு ஸ்பேனரால் தட்ட வேண்டும்?

அன்றைக்கே பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம்.

எந்தப் பகுதியை வெட்டினாலும் காரணம் எழுத வேண்டும் என்பது அலுவலக விதி. அன்றைய குறிப்பைத் திறந்தாள்.

'ஆள் நடமாட்டம். நிலநடுக்கம் அல்ல. நீக்கப்பட்டது.'

நேரம் ஒன்று இருபது. கீழே அவளுடைய கையொப்ப எழுத்து.

எங்கே ஆட்டம் பலம் என்று வரைபடம் கேட்டு மேலிடத்திலிருந்து நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மீட்புக்கு ஆட்களை எங்கே அனுப்புவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தம்பியின் போன் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பதிவாகத் திறந்துகொண்டு வந்தவள், பதினேழில் அந்த இரண்டு முட்களைக் கண்டாள்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சிரிப்புகூட வந்தது. ஊரே ஆடி அடங்கியிருக்கிறது, இவன் சாப்பிட்டாச்சு என்கிறான்.

அம்மாவுக்குப் போன் செய்தாள். "அவன் நல்லா இருக்கான்மா. கவலைப்படாதே." போனை வைத்த மூன்றாவது நிமிடத்தில் வாலை வெட்டினாள். பதினெட்டைத் திறந்தாள்.

இரண்டு மணிக்குக் கட்டட அலுவலகத்திலிருந்து, ஆளைக் காணோமே என்று வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவன் நல்லா இருக்கான், அக்கா சொன்னா என்றாள் அம்மா. பட்டியலில் அவன் பெயருக்கு நேராக ஒரு டிக் விழுந்தது.

சாப்பிட்டாச்சு. சாப்பிடவில்லை. அவர்கள் இருவரிடமும் இருந்தது அவ்வளவுதான். வா என்பதற்குத் தட்டு கிடையாது. அக்கா அடையாளம் கண்டுகொள்வாள் என்று, தெரிந்ததை அவன் தட்டியிருக்கிறான்.

அவளும் கண்டுகொண்டாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா அன்றைக்குக் கேட்கவில்லை. இந்த ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்த முதல் தட்டல்களுக்கு அப்பால் அவள் இதுவரை போனதில்லை. இப்போது போனாள்.

ஒன்றரை மணி. இரண்டு. இடையில் ஒரு பின்னதிர்வு. அது அடங்கியதும் தட்டல்கள் அவசர அவசரமாக வந்தன. மூன்று மணி. முட்கள் குட்டையாகிக்கொண்டே போயின. இடைவெளி நீண்டது. ஆனாலும் இரண்டிரண்டாகத்தான்.

சார் கதவருகில் வந்து நின்றார். வெகுநேரம் நின்றிருப்பார் போல.

"வெட்டிட்டியாம்மா?"

"இல்ல சார். இன்னும் முடியல."

நாலு மணி ஐந்து நிமிடத்தில் ஒன்று.

அதன் ஜோடிக்காக அவள் கோட்டை நகர்த்திக்கொண்டே போனாள்.