உடனே கேட்கும் குளிசை

கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, மண்டப வாசலில் நின்று அந்த வலிக் குளிசையைத் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டேன்.

அது சீறிக்கொண்டு கரைந்தது. இருபது நிமிடத்தில் கேட்கும் என்று பல் டாக்குத்தர் சொல்லியிருந்தார். காலையில் வவுனியாவில் என் மனைவி விமலேஸ்வரியின் பல் முரசை வெட்டி, ஞானப்பல்லை எடுத்து, தையலும் போட்டு அனுப்பியவர் அவர்தான். விறைப்பு ஊசியின் வேலை நண்பகலோடு முடிந்துவிட்டது. ஒரு பக்கக் கன்னம் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது.

இன்றைக்கு அதிகம் கதைக்க வேண்டாம் என்றும் அவர் சொன்னார். அது காதில் விழாததுபோல் இருவரும் வந்துவிட்டோம்.

கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம் அல்லவா. குளத்துத் தண்ணீர் யார் யார் வயலுக்கு என்று அன்றைக்குத்தான் முடிவாகும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் இரண்டு வருடமாக ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லை. இந்த முறையும் இல்லையென்றால் இன்னொரு வருடம் ஊரார் வயலில் கூலி வேலைதான். எங்கள் பக்கத்தில் கதைக்கக்கூடியவள் இவள் ஒருத்தி. எனக்குச் சபையைக் கண்டால் நாக்கு ஒட்டிவிடும்.

கதைக்கக்கூடியவள் என்றால் சும்மா இல்லை. குளத்தடிக் காணிக்காரரின் தலைவர் அப்புத்துரை அண்ணை மூன்று வசனம் சொல்லி முடிக்கமுன் இவள் எழும்பிவிடுவாள். அவர் திருப்பிக் கத்துவார். கதிரைகள் இழுபடும். கடைசியில் நீர்ப்பாசன அதிகாரி கொப்பியை மூடி, பழையபடியே இருக்கட்டும் என்பார். பழையபடி என்றால் எங்களுக்கு இல்லை என்று அர்த்தம்.

வரவேற்புரை முடிந்தது. அப்புத்துரை அண்ணை எழும்பி, இவளின் கன்னத்தைப் பார்த்தார். மனுசனின் முகம் மலர்ந்துவிட்டது.

"குளத்திலை பதினாறடிதான் நிக்குது. கடைசிக் காணியளுக்குத் தண்ணி எட்டாது. நாங்கள் மட்டும் விதைக்கிறம்."

மூன்று வசனமும் முடிந்தன. இவள் எழும்பவில்லை. கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். இவள் குளிசை குடித்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. டாக்குத்தரையும் குளிசை செய்தவனையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். என் நாக்கையும் சேர்த்துத்தான்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் கூட்டங்களில் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. அப்புத்துரை அண்ணை நின்றபடியே இவளைப் பார்த்தார். அதிகாரி பேனையோடு அவரைப் பார்த்தார்.

"ம், சொல்லுங்கோ," என்றார் அதிகாரி.

சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் எழும்பி நின்ற மனுசன் எதையாவது சொல்லத்தானே வேண்டும். தங்கள் பக்கத்தார் படும் பாட்டைச் சொல்லத் தொடங்கினார். வரம்பு கட்டியது, யானை வந்தது, உர விலை ஏறியது எல்லாம் வந்தன. இவள் ஒருமுறை முனகினாள். அதைக் கேட்டு அவருக்கு இன்னும் உசார் வந்துவிட்டது.

"போன சிறுபோகம் தண்ணி கூடிப் பயிர் அழுகப் பாத்தது. ஒரு கிழமையா, ஏழு நாளும், வாய்க்காலை வெட்டித் தண்ணியைக் காட்டுக்குள்ளை விட்டுத்தானே காப்பாத்தினனாங்கள்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. மெல்லக் கதிரையில் இருந்துவிட்டார்.

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார்.

"ஒரு கிழமையோ?"

குளத்தடிக்காரர் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் எழுதினார். கடைசி முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர் விதைக்கலாம். கிழமையில் இரண்டு நாள் தண்ணீர் எங்களுக்கு மட்டும். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் வைத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த செல்வராசா அழுதேவிட்டான். எங்கள் வாய்க்காலில் அவனுடையதுதான் கடைசிக் காணி. நானும் கலங்கிப்போனேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கத்திக் கூத்தாட வேண்டும்போல் சந்தோசம். இவளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

"இஞ்சேரும், அந்தக் குளிசை சரிவராது. மாங்குளம் சந்தியிலை வேறை வாங்குவமோ?"

பின்னால் ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விசரே உங்களுக்கு? அந்தாள் எழும்ப முன்னமே வலி போயிட்டுது. வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் தாங்கேலாமல் இருந்தது."