சாம்பல் மேடு

"அக்கா, இந்த மாசத்தோட எங்க ஊரு ஆலையை இழுத்து மூடிடுவாங்கன்னு நம்பிக்கிட்டிருந்தோமே, எல்லாம் போச்சு!" என்று போனில் அழுதாள் தங்கை.

வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். நாள் முழுக்க நின்ற கால்கள் கெஞ்சின.

"ஏன்டி, சாம்பலைக் கொட்ட இடமில்லைன்னுதானே அதிகாரிங்க மூடச் சொன்னாங்க?"

"ஆமா. இப்ப யாரோ அந்தச் சாம்பலை உருட்டி, மணிமணியாச் சுட்டு, அதை வச்சு அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ணலாம்னு கண்டுபிடிச்சுட்டாங்களாம். அதனால அது இனிமே குப்பை இல்லையாம், சரக்காம்! ஆலையை இன்னும் பெருசாக்கப் போறாங்க. இங்க துணி காயப்போட முடியல, சின்னவன் இருமியே தேயறான். அதைக் கண்டுபிடிச்ச மகராசன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

அக்கா கண்களை மூடிக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சது நான்தான்டி."

"என்னக்கா சொல்றே?"

"உன் வீட்டுப் பக்கத்துல இருக்கிற அந்தச் சாம்பல் மேட்டைக் காலி பண்ணணும்னுதான் இத்தனை வருஷமா ஆய்வகத்துல மாரடிச்சேன். நல்லபடியா முடியட்டும், அப்புறம் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

திட்டட்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

"அந்த மணி நிஜமாவே தண்ணியைச் சுத்தம் பண்ணுமா?" என்று கேட்டாள் தங்கை, களைத்த குரலில்.

"பண்ணும்."

"அப்ப வரும்போது ஒரு பை கொண்டு வா. எங்க கிணறும் கெட்டுப்போச்சு."