யார் பெயர் மேலே?

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கான பகல் காப்பகம் தயார். தொட்டில்கூடக் கட்டியாயிற்று. வாசல் பலகையில் யார் பெயர் மேலே என்பதில்தான் இழுபறி.

"இடம் கொடுத்தது அரசாங்கம்," என்றார் அதிகாரி.

"கட்டிக் கொடுத்தது யாருங்க?" என்று சிரித்தார் கம்பெனி மேனேஜர்.

"பிள்ளைங்க மூக்கைத் துடைக்கப்போறது நாங்கதானே!" என்றார் தொண்டு நிறுவனத் தலைவி.

மூவரையும் ஒன்றுசேர்த்த ஒருங்கிணைப்பாளர் எழுந்தாள். அவள் கைக்குள் ஒரு சாவி.

"சார், பலகையை அப்புறம் மாட்டிக்கலாம். இன்னைக்கே கதவைத் திறந்துட்டா..."

"ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்க மாட்டியா? உக்காரும்மா," என்றார் அதிகாரி.

மடியில் போன் அதிர்ந்தது.

"யாரு?"

"பக்கத்து வீட்டு அக்கா சார்."

"ஊர்க்கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அழைப்பைத் துண்டித்தாள். உடனே மறுபடி அதிர்ந்தது.

ஒருவழியாக, மூன்று பெயரையும் வட்டமாக எழுதுவதென்று முடிவாயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள்.

"அது சரி," என்றார் மேனேஜர், "வட்டத்துல மேல்பக்கம் யாரு?"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தாள்.

"காப்பகச் சாவியைத் தூக்கிட்டு எங்கம்மா கிளம்பிட்டே?" என்று அதட்டினார் அதிகாரி.

அவள் திரும்பிக் கையை விரித்தாள்.

"காப்பகச் சாவி உங்க முன்னாலதான் இருக்கு சார். இது எங்க வீட்டுச் சாவி. என் மூணு வயசுப் பொண்ணை உள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன். அவ அழற சத்தம் கேட்டாத்தான் அந்த அக்கா கூப்பிடுவாங்க."