மாடி ஜன்னல் பாட்டு

பட்டுக்கடை அப்பாதுரை பங்களாவில் யாரும் பேசுவதில்லை. காபி கேட்பதானாலும் பாட்டாகத்தான் கேட்பார்கள். அந்தக் கூத்தைப் பார்க்க ஒரு வருஷமாய்த் தவித்த எதிர்வீட்டுப் பூவம்மாளை இன்றுதான் கொலுவுக்கு அழைத்திருந்தார்கள்.

"சுண்டல் வேணும்னா ஒரு பாட்டு" என்று ராகம் இழுத்தாள் அந்த வீட்டு மாமியார் ரேணுகாம்பாள்.

"உங்க மருமக பாட்டுதாம்மா எனக்குத் தெரியும். நீங்கள்லாம் கடைக்குப் போனதும் மாடி ஜன்னல்ல நின்னுக்கினு தினமும் பாடுமே."

"அப்படியா? பாடு." ரேணுகாம்பாள் முதல்முறையாகப் பேசினாள்.

பூவம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்துவிட்டாள்.

"ஓரிக்கை ஊரு அண்ணனுக்கு ஒருவார்த்தை சொல்லுங்க,
உள்ளே பூட்டிட்டாங்க, உசிரோட மீட்கச் சொல்லுங்க..."

கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டின் அர்த்தம், வாய்விட்டுப் பாடியபோதுதான் அவளுக்கே புரிந்தது.

பின்னால் வாசல் கதவின் தாழ்ப்பாள் தாளம் தப்பாமல் விழுந்தது.