மறுபடியும் முதல் வாரம்

முழங்கால் பட்டைப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு, கோவில்பட்டி உடற்கல்வி ஆசிரியர் சங்கரபாகம் எழுதுவது.

இதை எழுதும்போது நான் நாற்காலியிலும், மனைவி செண்பகம் கட்டிலிலும், என் தாயார் காந்திமதி அடுக்களை வாசலிலும் உட்கார்ந்திருக்கிறோம். இருவரும் சாட்சி.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் மாட்டிய பட்டை ஒன்பது வார ஓட்டப் பயிற்சி கொடுக்கிறது. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒன்பதாம் வாரம் முடிந்தால்தான் பட்டை கழலும், பள்ளியிலும் மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் நான் 'அம்மா' என்றாலே, அதைக் கேட்கும் பட்டை வலியில் கத்துவதாக எண்ணி, பயிற்சியை முதல் வாரத்துக்குத் தள்ளிவிடுகிறது. நான் கூப்பிடுவது என் தாயாரை. இப்படியே பத்து மாதம் முதல் வாரத்தைத் தாண்டவில்லை.

"பேரைச் சொல்லியே கூப்பிடுலே, நானா கோவிச்சுக்கிடப் போறேன்?" என்றார் தாயார்.

"காந்திமதி" என்றேன்.

"உங்கய்யாகூட பேரைச் சொன்னதில்ல, ஏட்டின்னுதாம்லே கூப்பிடுவாரு."

செண்பகம் சிரித்தாள். அன்று முதல் பெயர் சொல்லியே கூப்பிட்டு எட்டாம் வாரம் வரை வந்துவிட்டேன். போன புதன்கிழமை தாயார் குளியலறை ஈரத்தில் வழுக்கினார். அந்த நேரத்தில் எனக்குப் பெயர் வாயில் வரவில்லை. அவருக்கு அடி ஒன்றுமில்லை. எனக்கு மறுபடியும் முதல் வாரம்.

வலிச் சொற்களிலிருந்து அந்த ஒரு சொல்லை நீக்கித் தர வேண்டுகிறேன்.

"ஒட்டுறதுக்கு முன்னால ஒருக்கா வாசிச்சுக் காட்டுலே" என்கிறார் தாயார். அந்தச் சொல்லும் இதில் இருப்பதால் வாசிக்க வழியில்லை என்று தலையசைத்துவிட்டு, உறையை ஒட்டிச் செண்பகத்திடம் தபாலுக்குக் கொடுத்தனுப்புகிறேன்.